இருபத்தெட்டா, பதினாறா? சேர்வர் புரொசசரை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனுக்கு மேலே உள்ள ஒரு தோட்ட ஆபிசில், பெரிய கிளாக்கர் ஐயா இரண்டு கொட்டேஷன்களை மேசையில் அருகருகே விரித்து வைத்திருந்தார். முதலாவது ஏற்கனவே பாவித்த சேர்வர். இன்டெல் ஸியோன் ஈ5-2680 வி4 புரொசசர் இரண்டு, மொத்தம் 28 கோர் (புரொசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்). அடுத்ததில் ஏஎம்டி எபிக் 7302பி ஒன்றே ஒன்று, 16 கோர். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. “தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பதினாறைவிட இருபத்தெட்டு பெரிதுதானே?” என்று கேட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. தோட்ட ஆபிஸ், கூட்டுறவுச் சங்கம், தனியார் வகுப்பு நிலையம் என்று நான் சேர்வர் பார்க்கப் போகும் இடமெல்லாம் இதே கேள்விதான் வருகிறது. மலைநாட்டில் இப்படி ஒரு பொருளை வாங்கினால் ஏழெட்டு வருடம் அதோடுதான் காலம் தள்ள வேண்டும். அதனால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கோரை எண்ணுவதற்கு முன் வேலையைப் பாருங்கள்

“ஐயா, செக்ரோல் போடும் நாளில் ஒரு தடவை வந்து பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டு, மாதக் கடைசியில் போய் உட்கார்ந்தேன். செக்ரோல் என்பது தோட்டத் தொழிலாளரின் மாதச் சம்பளக் கணக்கு. அங்கிருந்த பழைய சேர்வரில் ஈ5-2680 வி2 புரொசசர் இரண்டு. திரையில் 40 சிறு கட்டங்கள் தெரிந்தன. 20 கோர், ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைக் கவனிப்பதால் கோர் ஒன்றுக்கு இரண்டு கட்டம். கணக்கு ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு பெயராக எடுத்து, அந்த மாதம் நிறுத்த கொழுந்து, மேலதிகக் கிலோ, முற்பணம், ஊழியர் சேமலாப நிதிக் கழிவு என்று வரிசையாகப் போட்டது. ஒரு கட்டம் மட்டும் உச்சியைத் தொட்டது. இரண்டு மூன்றில் கோடு எழும்பி எழும்பி விழுந்தது. மிச்சமெல்லாம் தரையோடு தரையாகக் கிடந்தன. உச்சியைத் தொட்ட கட்டம் அவ்வப்போது இடம் மாறியதே தவிர, ஒன்று இரண்டாகவில்லை.

காரணம் எளிது. அந்த மென்பொருள் ஒருவர் கணக்கை முடித்த பிறகுதான் அடுத்தவரைத் தொடுகிறது. அதன் அடியில் இருப்பது இலவசமாகக் கிடைக்கும் எஸ்க்யூஎல் சேர்வர் எக்ஸ்பிரஸ் என்ற தரவுத்தள மென்பொருள். அது எவ்வளவு பெரிய இயந்திரத்தில் ஏற்றினாலும் நான்கு கோருக்கு மேல் எடுத்துக்கொள்ளாது. அந்த ஆபிசுக்கு 28 கோர் வாங்கிக் கொடுத்தால் 24 கோர் வேலையில்லாமல்தான் நிற்கும். அங்கே வேண்டியது ஒரு கோரின் வேகம். பத்துப் பன்னிரண்டு மெய்நிகர் இயந்திரங்களை (ஒரே சேர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கும் தனித்தனிக் கணினிகளை) ஒன்றாக ஓட்டும் இடமாக இருந்தால் கதை வேறு. அங்கே கோர் எண்ணிக்கைக்குத்தான் முதல் மரியாதை.

சரி, ஒரு கோரின் வேகத்தைக் கிகாஹேர்ட்ஸை, அதாவது விநாடிக்கு எத்தனை நூறு கோடி துடிப்பு என்பதை, வைத்து அளக்கலாமா? அதுவும் தவறு. இதே 2680 என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் வந்த முதல் ஈ5-2680இல் 8 கோர், 2.7 கிகாஹேர்ட்ஸ். 2013இன் வி2இல் 10 கோர், 2.8. 2014இன் வி3இல் 12 கோர், 2.5. 2016இன் வி4இல் 14 கோர், 2.4. கடைசியில் வந்ததன் அடிப்படை வேகம்தான் ஆகக் குறைவு. ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் அது முடிக்கும் வேலை கூடிக்கொண்டே வந்திருக்கிறது. இந்த வி4உம் எபிக் 7302பியும் உச்சத்தில் எட்டுவது ஒரே 3.3 கிகாஹேர்ட்ஸ். அதற்காக இரண்டும் சமம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எபிக்கின் அடிப்படை வேகமே 3.0, ஸியோனின் அடிப்படை 2.4. எல்லாக் கோர்களும் சேர்ந்து உழைக்கும்போது யார் எவ்வளவு வேகத்தில் நிற்கிறார் என்பதுதான் கணக்கு.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடையில் “2680” என்று மட்டும் சொன்னால் திருப்பிக் கேளுங்கள்: வி எத்தனை? முதல் இரண்டும் டிடிஆர்3 நினைவகத்துக்கு, பின்னைய இரண்டும் டிடிஆர்4க்கு. ரெட் ஹாட் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் 10ஆம் பதிப்பு, ஏவிஎக்ஸ்2 என்ற கணக்குக் கட்டளைகள் இல்லாத புரொசசரில் ஏறாது. முதல் பதிப்பிலும் வி2இலும் அவை இல்லை, வி3இலும் வி4இலும் உண்டு. ஒரு சின்ன இலக்கம் சேர்வரின் ஆயுளையே தீர்மானித்துவிடுகிறது.

14ஐயும் 14ஐயும் கூட்டினால்

இரண்டு புரொசசர் உள்ள சேர்வரை 28 கோர் உள்ள ஒரே புரொசசராக நினைப்பது அடுத்த தவறு. ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு ஒரு ஸ்டோர், கீழ் டிவிஷனுக்கு ஒரு ஸ்டோர் இருப்பது போல, ஒவ்வொரு புரொசசருக்கும் தன் பக்கத்து நினைவகம் தனியாக உண்டு. தன் ஸ்டோரில் இருப்பதை உடனே எடுக்கலாம். மற்றப் பக்கம் இருப்பதை எடுக்க நடுவிலுள்ள பாதையில் ஏறி இறங்க வேண்டும், நேரம் பிடிக்கும். 16 கோரும் ஒரே புரொசசரில் இருந்தால் அந்த அலைச்சல் குறைவு.

நினைவகத்தில் நடக்கும் தவறு இதைவிட மோசமானது, யார் கண்ணிலும் படாதது. எபிக் கொட்டேஷனில் “64 ஜிபி ரேம்” என்று இருந்தது. எத்தனை துண்டு என்று தொலைபேசியில் கேட்டேன். ஒரே துண்டு என்றார்கள். 7302பிக்கு நினைவகத்தோடு பேச எட்டு வழிகள் உண்டு. ஒரே துண்டைப் போட்டால் ஏழு வழிகள் அடைபட்டுக் கிடக்கும். எட்டும் நிறைந்தால் விநாடிக்கு 204.8 ஜிகாபைட் வரை போய்வர இடமுண்டு, ஒன்றில் 25.6தான். ஸியோன் வி4க்கு நான்கு வழிகள், 76.8 ஜிகாபைட். அதாவது சரியாக நிரப்பிய பழைய ஸியோன், அரைகுறையாக நிரப்பிய புதிய எபிக்கை நினைவக ஓட்டத்தில் முந்திவிடும். பிறகு “எபிக் சரியில்லை” என்று ஊரெல்லாம் பேச்சாகிவிடும். அதே 64 ஜிபியை எட்டு 8 ஜிபி துண்டுகளாகக் கேளுங்கள்.

7282 என்று எபிக்கிலேயே இன்னொரு 16 கோர் புரொசசர் உண்டு. 120 வாட், விலையும் குறைவு. ஆனால் அதன் கேஷ் (புரொசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) 64 எம்பி, 7302பியினது 128. நினைவக ஓட்டமும் 85.3 ஜிகாபைட்டில் நின்றுவிடும். சிறிய ஆபிசுக்கு அதுவே தாராளம் என்பது என் எண்ணம். ஆனால் 7302பி என்று சொல்லி 7282ஐத் தந்தால் வாங்காதீர்கள்.

மதிப்பெண் பட்டியல்

வேகச் சோதனை மதிப்பெண்களைப் பார்ப்பவர்கள் ஒரே சோதனையின் ஒரே பதிப்பைத்தான் ஒப்பிட வேண்டும். ஸ்பெக் சிபியு என்ற சோதனையின் 2006 பதிப்பு வேறு, 2017 வேறு. ஒன்றின் எண்ணை மற்றதன் எண்ணோடு வைத்துப் பார்ப்பது கிலோவையும் இறாத்தலையும் ஒரே தட்டில் கூட்டுவது போன்றது. 2016இல் வெளியான மதிப்பெண்களில் இன்னொரு குறையும் உண்டு. மெல்ட்டவுன் என்ற பாதுகாப்புக் குறைபாடு 2018 ஜனவரியில்தான் வெளியே தெரிந்தது. ஸியோன் வி4 அதற்குள் அகப்பட்டது; அடைக்கப் போட்ட திருத்தம் சில வேலைகளின் வேகத்தைக் குறைத்தது. பழைய மதிப்பெண்ணில் அந்த இழப்பு தெரியாது. ஏஎம்டி புரொசசர்களை மெல்ட்டவுன் தொடவில்லை. அதோடு வெளிவந்த ஸ்பெக்டர் என்ற குறைபாடு இரு தரப்பையும் தொட்டது.

விலை என்பது கொட்டேஷனின் கடைசி வரி மட்டுமா?

“வெளிவந்தபோது ஒன்று 1,745 டொலர், இப்போது இந்த விலைக்குக் கிடைக்கிறது” என்று வி4ஐ விற்பவர்கள் சொல்வார்கள். உண்மைதான். 7302பியின் வெளியீட்டு விலை 825 டொலர் என்பதும் உண்மைதான். இரண்டுமே இன்றைய பெறுமதியைச் சொல்வதில்லை.

பெறுமதியைச் சொல்வது உரிமக் கட்டணம். விண்டோஸ் சேர்வரின் உரிமம் கோர் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு சேர்வருக்குக் குறைந்தது 16 கோருக்கு வாங்கியே ஆக வேண்டும்; அதற்கு மேல் எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனைக்கும் வாங்க வேண்டும். எபிக்குக்குச் சரியாக 16. ஸியோன் இரட்டையருக்கு 28. வேலையில்லாமல் நிற்கும் கோருக்கும் சேர்த்து 12 கோரின் உரிமக் காசு. இதைத் தாளில் எழுதிக் காட்டியபோது பெரிய கிளாக்கர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடியும் அந்த வரியைப் படித்தார். லினக்ஸ் ஓட்டுபவர்களுக்கு இந்தச் செலவு இல்லை. அவர்களுக்கு ஸியோன் மலிவாகவே முடியலாம். அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

அடுத்தது மின்சாரம். ஸியோன் ஒன்று 120 வாட், இரண்டு 240, எபிக் 155. ஆனால் பெட்டியில் எழுதியிருக்கும் அந்த வாட், வெப்பத்தை வெளியேற்ற எவ்வளவு ஏற்பாடு வேண்டும் என்று சொல்லும் அளவு. மின்மானி அதைப் பார்த்து ஓடாது. தோட்ட ஆபிஸ் சேர்வர் இருபத்துநான்கு மணித்தியாலத்தில் பெரும்பகுதி சும்மாதான் இருக்கிறது. ஆகவே சும்மா இருக்கும்போது சுவரிலிருந்து எவ்வளவு இழுக்கிறது என்பதை அளந்து பாருங்கள். செருகி அளக்கும் சிறிய மானி போதும். இரண்டு சேர்வருக்கும் இடையே 100 வாட் வித்தியாசம் இருந்தால் வருடத்துக்கு 876 யூனிட். உங்கள் பில்லில் உள்ள விகிதத்தால் பெருக்கி, ஐந்து வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. குறைவாக இழுக்கும் சேர்வரைத்தான் யூபிஎஸ் கூடுதல் நேரம் தாங்கும்.

பூட்டிய புரொசசர்

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பாவித்த எபிக் ஒன்றைத் தனியாகவும், மதர்போர்டை வேறிடத்திலும் வாங்கிப் பொருத்தினேன். விசிறிகள் சுற்றின, பச்சை விளக்கு எரிந்தது, திரை கறுப்பாகவே இருந்தது. ரேமை மாற்றினேன். மின்வழங்கியை மாற்றினேன். புரொசசரைக் கழற்றி ஊசிகளை வெளிச்சத்தில் பார்த்துத் திரும்பப் பொருத்தினேன். இரண்டு இரவுகள் போயின. எபிக்கில் பிளாட்ஃபோர்ம் செக்யூர் பூட் என்று ஒரு பாதுகாப்பு வசதி உண்டு. அதை இயக்கி வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் சேர்வரில் புரொசசர் ஒரு முறை ஓடிவிட்டால், உள்ளே இருக்கும் உருகிகள் எரிந்து அந்த நிறுவனத்தின் போர்டுகளுக்கே அது கட்டுப்பட்டுவிடும். வேறு போர்டில் எழும்பாது. திருப்பி எடுக்க வழியில்லை. வெளியே பார்த்தால் எந்த அடையாளமும் தெரியாது. விற்றவர் அதைச் சொல்லவில்லை.

ஆகவே பாவித்த எபிக்கைத் தனியாக வாங்காதீர்கள். வாங்கியே ஆக வேண்டுமானால், எந்த நிறுவனத்தின் சேர்வரிலிருந்து கழற்றியது என்று கேட்டு, “பூட்டில்லை, எழும்பாவிட்டால் பணம் திருப்பித் தரப்படும்” என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பி என்று முடியும் 7302பி, ஒற்றைப் புரொசசர் போர்டுக்கு மட்டுமே உரியது என்பதையும் மறவாதீர்கள்.

எத்தனை வருடம் உழைக்கும்?

புரொசசர் பழுதாகி சேர்வர் நின்றதை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். முதலில் போவது விசிறி, மின்வழங்கி, டிஸ்க். அதனால் உழைப்பு என்பது உதிரிப்பாகம் எத்தனை வருடம் கிடைக்கும், பயாஸ் (போர்டை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) திருத்தம் எத்தனை வருடம் வரும் என்ற கேள்விதான். வயதை வாங்கிய நாளிலிருந்து எண்ணாதீர்கள். வெளிவந்த வருடத்திலிருந்து எண்ணுங்கள். வி4 2016, 7302பி 2019. வி4இன் சொக்கெட்டுக்கு (போர்டில் புரொசசர் அமரும் இடம்) அதற்குப் பிறகு புதிய தலைமுறை வரவில்லை. எபிக்கின் எஸ்பி3 சொக்கெட்டில் 2021இல் வந்த தலைமுறையும் பொருந்தும்: போர்ட் நிறுவனம் பயாஸ் தந்திருந்தால், அதே 155 வாட்டில் 3.7 கிகாஹேர்ட்ஸ் வரை எட்டும் 7313பியை நாளைக்குப் போடலாம். அந்த ஒரு படிக்கு மேல் அதற்கும் வழி இல்லை.

“நம் ஊர் குளிர், சேர்வருக்கு ஒன்றும் ஆகாது” என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. மெல்லிய காற்று வெப்பத்தைக் குறைவாகத்தான் அள்ளிச் செல்லும். பல சேர்வர்களின் கையேட்டிலேயே 900 மீற்றருக்கு மேல் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் தாங்கும் வெப்பநிலையில் ஒரு பாகை கழிக்கச் சொல்லியிருக்கிறது. அதை இரும்பு அலுமாரிக்குள் பூட்டி, பக்கத்தில் தொழிற்சாலையும் இருந்தால் தேயிலைத் தூசு பறந்து வந்து ஹீட்சிங்கின் (புரொசசரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) தகடுகளுக்கு இடையே கம்பளி போலப் படியும். புரொசசர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒப்பிட்டுப் பார்த்த 3.3 கிகாஹேர்ட்ஸ் உங்களுக்குக் கிடைக்காது. இரு புரொசசர் என்றால் துடைக்க வேண்டிய ஹீட்சிங்கும் இரண்டு.

அந்த ஆபிசில் எபிக்கையே எடுத்தார்கள், எட்டுத் துண்டு ரேமோடு. வாங்குவதற்கு முன், போன மாதத்து செக்ரோல் தரவின் பிரதி ஒன்றை எடுத்துச் சென்று விற்பவரின் கடையிலேயே ஓட்டிப் பார்த்தோம். உரிமத்தில் மிஞ்சிய காசில் ஒரு மின்வழங்கியும் இரண்டு விசிறியும் கூடுதலாக வாங்கி அலுமாரியில் வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் மண்சரிந்து ஏ7 வீதி மூடிவிட்டால் கொழும்பிலிருந்து ஒரு விசிறி வந்துசேர எத்தனை நாளாகும் என்பது ஐயாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.