கணு இருந்தால் செடி உண்டு: மணிபிளான்ட்டை விதையில்லாமல் பெருக்கும் முறை

மணிபிளான்ட்டின் விதையை எந்த நர்சரியிலும் கேட்டு வாங்க முடியாது. பசிபிக் பெருங்கடலில் உள்ள மூரியா தீவிலிருந்து உலகெங்கும் பரவிய இந்தக் கொடி, வீடுகளில் பூப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். பூப்பதற்கு வேண்டிய ஜிப்பரெலின் என்ற ஹார்மோன் அதற்குள் போதிய அளவு உருவாவதில்லை. ஆகவே ஜன்னலோரங்களில் தொங்கும் கொடிகள் எல்லாம் யாரோ வெட்டி யாருக்கோ கொடுத்த தண்டின் வாரிசுகள்தாம். திருடி வைத்தால்தான் பணம் சேரும் என்றொரு நம்பிக்கை வேறு. பக்கத்து வீட்டில் கேட்டாலே கொடுத்துவிடுவார்கள். கேட்டு வாங்கியதும் அதே வேகத்தில்தான் வளரும்.

1. கணுவைக் கண்டுபிடியுங்கள்

கொடியைக் கையில் எடுத்து, இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே தண்டு சற்றுப் புடைத்து, சுற்றிலும் வளையம்போல் ஒரு கோடு ஓடும். அதையொட்டியே பழுப்பு நிறத்தில் ஒரு முண்டு துருத்திக்கொண்டிருக்கும். அந்த வளையம்தான் கணு; முண்டு, வெளியே வரக் காத்திருக்கும் வேர். புதிய துளிர் கிளம்ப வேண்டிய மொட்டும் இலைக்காம்பின் இடுக்கில் அங்கேயே ஒளிந்திருக்கிறது.

பலரும் அழகான இலையை மட்டும் காம்போடு கிள்ளி வந்து தண்ணீரில் போடுகிறார்கள். அதற்கும் வேர் வரலாம், மாதக்கணக்கில் பச்சையாகவும் இருக்கலாம். ஆனால் மொட்டு இல்லாததால் இன்னொரு இலை வராது.

2. வெட்டுங்கள்

கத்தியைக் கொதிநீரில் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டாக, கடைசிக் கணுவுக்கு ஒரு விரற்கடை கீழே வெட்டுங்கள். அடிக்கணுவில் உள்ள இலையை நீக்கிவிடுங்கள். தண்ணீருக்குள் மூழ்கும் இலை அழுகி நீரையும் கெடுக்கும். வெட்டும்போது வடியும் சாறு சிலருக்கு அரிப்பு தரும். இலையை வாயில் வைத்தால் நாக்கும் தொண்டையும் எரியும் என்பதால், தவழும் குழந்தையும் பூனையும் உள்ள வீட்டில் துண்டுகளைத் தரையில் போட்டுவைக்க வேண்டாம்.

3. தண்ணீரில் வையுங்கள்

காலி ஊறுகாய் பாட்டில் போதும். அடிக்கணு மூழ்க வேண்டும், இலைகள் வெளியே இருக்க வேண்டும். வெளிச்சம் நன்றாக விழும், ஆனால் வெயில் நேராகப் படாத இடத்தில் வையுங்கள். குழாய்த் தண்ணீரே போதும். குளோரின் வாடை தூக்கலாக இருந்தால் ஓர் இரவு திறந்துவைத்துப் பிறகு ஊற்றலாம். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அந்தப் பழுப்பு முண்டு வெடித்து வெள்ளை வேர் எட்டிப்பார்க்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவது இப்படிப்பட்ட தெளிந்த, தேங்கிய நீரைத்தான். முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். எனவே நான்கு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். மாற்றினால் மட்டும் போதாது: முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாட்டிலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. பிரஷ் போட்டு உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.

4. மண்ணுக்கு மாற்றுங்கள்

வேர் ஐந்து சென்டிமீட்டர் நீண்டதும் தொட்டிக்கு மாற்றலாம். அதிக நாள் நீரிலேயே விட்டால் வேர் நீருக்கே பழகி, மண்ணில் ஊன்றத் திணறும். செம்மண், மண்புழு உரம், கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்தூள் மூன்றையும் சம அளவில் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நிரப்புங்கள். ஒரே தொட்டியில் நான்கைந்து துண்டுகளை நடுங்கள். ஒற்றைக் கொடி எளிதில் கிளைக்காமல் மொட்டையாக நீண்டுகொண்டே போகும். முதல் இரண்டு வாரம் மண் ஈரமாக இருக்கட்டும். ஒரு பழைய இலை மஞ்சளானால் பதற வேண்டாம்.

மற்ற செடிகள்

கற்பூரவல்லிக்குத் தண்ணீர்ப் பாட்டில்கூட வேண்டாம். ஒடித்து மண்ணில் குத்திவைத்தால் பிடித்துக்கொள்ளும். சோற்றுக் கற்றாழையின் இலையை நட்டுப் பார்ப்பவர்கள் உண்டு, அது பெரும்பாலும் அழுகிப்போகும். தாய்ச்செடியின் அடியில் கிளம்பும் பக்கக் கன்றை வேரோடு பிரித்து, இரண்டு நாள் நிழலில் காயவைத்து நடுவதே சரி.

பாம்புக் கற்றாழை என்கிற ஸ்நேக் பிளான்ட் இலையிலிருந்தே வரும், கணு தேவையில்லை. இலையை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, காயம் ஆற இரண்டு மூன்று நாள் விட்டு, லேசாக ஈரமான மணலில் செருக வேண்டும். எது அடிப்பக்கம் என்று வெட்டும்போதே பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். தலைகீழாக நட்டால் வேர் வராது. வேரைத் தூண்டும் ஆக்சின் என்ற ஹார்மோன் இலை நுனியிலிருந்து அடிநோக்கியே நகர்ந்து அங்கே சேர்கிறது. புதிய குருத்து மண்ணுக்கு மேலே வரச் சில மாதங்கள் ஆகும். அதுவரை தோண்டிப் பார்க்காமல் இருப்பதுதான் கடினம்.

மஞ்சள் விளிம்புள்ள ரகத்தை இப்படிப் பெருக்கினால் வரும் குட்டிகள் வெறும் பச்சையாக இருக்கும். மஞ்சள் ஓரமும் பச்சை நடுப்பகுதியும் வெவ்வேறு வகைச் செல்களால் ஆனவை. குருத்து பச்சைப் பகுதியிலிருந்தே கிளம்புகிறது. மஞ்சள் விளிம்பு வேண்டுமானால் செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்தெடுத்து, ஒவ்வொரு பங்கிலும் வேரும் ஒரு குருத்தாவது இருக்கும்படி கிழங்கைக் கத்தியால் பிரித்து நடுங்கள்.