பல்பு திடீரென்று பளிச்சிட்டால் மகிழாதீர்கள்

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கத்துக் கிராமங்களில் மும்முனை மின்சாரம் வந்ததும் கிணற்று மோட்டார்கள் ஒன்றாக ஓடத் தொடங்கும். லைனின் கடைசி வீட்டில் மின்விசிறி சோம்பலாகச் சுற்றும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் மோட்டாரின் முறுக்குவிசை ஏறக்குறைய 60 சதவிகிதமாகச் சரிந்துவிடும். ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல் உறுமும். உறுமும் ஒவ்வொரு நொடியும் செப்புக்கம்பிச் சுற்று சூடேறுகிறது. அப்போது சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்ப்பது தவறு. அணைத்துவிட்டு, உள்ளே வாயு அழுத்தம் சமமாக ஐந்து நிமிடமாவது விடுங்கள்.

ஆனால் வீட்டுப் பொருட்களைக் கூண்டோடு கொண்டுபோவது நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி, விட்டுப்போவதுதான். எங்கள் வீட்டில் மும்முனை இணைப்பு, அதாவது மின்சாரம் கொண்டுவரும் ஃபேஸ் கம்பிகள் மூன்று. காற்றடித்த ஒரு மாலையில் கூடத்து விளக்கு மங்கியது, சமையலறை பல்பு பகல்போல எரிந்தது. "பரவாயில்லையே, கரண்ட் நன்றாக வருகிறது" என்றார் அப்பா. சற்று நேரத்தில் டிவியின் பின்புறத்திலிருந்து கருகும் வாடை. கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்திருந்தது. நியூட்ரல் போனால், இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே உள்ள 400 வோல்ட்டை அந்தந்த ஃபேஸில் ஓடும் சாதனங்கள் பங்கு போட்டுக்கொள்ளும். பளு குறைந்த பக்கத்தில் மின்னழுத்தம், அதாவது வோல்ட், எகிறும். மின்னோட்டம் மிகுந்தால் தானே விழும் சுவிட்சான எம்.சி.பி. இதற்கு விழாது. அது பார்ப்பது ஓடும் மின்னோட்டத்தை, அழுத்தத்தை அல்ல. டிவியை மட்டும் அணைத்துப் பயனில்லை, உடனே மெயினை அணைக்க வேண்டும்.

நியூட்ரல் போனதும் எர்த் கம்பியை அந்த இடத்தில் மாட்டி விளக்கெரிக்கும் வழக்கம் இங்கே இருக்கிறது. இதைவிட மோசமான யோசனை கிடையாது. நம் பாறை மண்ணில் கோடையில் எர்த் குழி வறண்டு கிடக்கும். மின்சாரம் மண்ணில் இறங்க வழியின்றி எர்த் கம்பியோடு இணைந்திருக்கும் ஃபிரிட்ஜின் கதவிலும் கிரைண்டரின் உடலிலும் வந்து நிற்கும்.

மின்னழுத்தம் குறையும்போது நல்ல ஃபேஸ் தேடி மாற்றிப் போடுவதும் நிலைக்காது. தெருவே அதற்கு மாறினால் அதுவும் படுத்துவிடும். ஃபியூஸ் கட்டையில் தடித்த கம்பி போடுவது தீயை வீட்டுக்குள் அழைப்பது.

மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஸ்டெபிலைசர் வாங்கும்போது, குறைந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று மட்டும் கேட்காதீர்கள். அதிகமாகும்போது தானே துண்டிக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

வயர்மேன் வந்தால் மெயினை அணைத்துவிட்டு நியூட்ரல் திருகை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அது முக்கால் சுற்று உள்ளே போனது.