கொச்சைச் சொல்லை அகராதியில் ஏற்றுவது எப்படி? ‘மொக்கை’யை வைத்து ஒரு செய்முறை

விக்சனரி போன்ற திறந்த அகராதிகளில் புதிதாக எழுத வருபவர்கள் பொருளை முதலில் எழுதிவிட்டு, அதற்குத் தோதான வாக்கியத்தைத் தேடுவார்கள். வேலை அப்படியே தலைகீழ்: வாக்கியம் முதலில், பொருள் கடைசியில்.

1. சீட்டு எழுதுங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு சீட்டு. முழு வாக்கியம், தேதி, எங்கே வந்தது, பேசியவரின் ஊர், தோராய வயது. “மொக்கைன்னா போர்னு அர்த்தம்” என்பது சான்றாகாது. அது சொல்லைப் பற்றிய பேச்சு. “படம் செம மொக்கை” என்பதுதான் புழக்கம்.

2. எல்லா எழுத்திலும் தேடுங்கள். மொக்கை, மொக்க, மொக்கையா என்று தனித்தனியாக, மேற்கோள் குறிக்குள் இட்டு, ரோமன் எழுத்திலும். தேடுபொறி காட்டும் மொத்த எண்ணிக்கையை நம்பாதீர்கள். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத மூவர் எழுதியிருந்து, முதல் சான்றுக்கும் கடைசிச் சான்றுக்கும் இடையே குறைந்தது ஓராண்டு இருந்தால் போதும். ஒரே மீமை நூறு பேர் பகிர்ந்தாலும் சான்று ஒன்றுதான். பட வசனத்தை அப்படியே திருப்பிச் சொல்வதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

3. மாற்றிப் போட்டுப் பாருங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். பொருள் ‘சலிப்பூட்டுவது’ என்று எழுதிவிட்டீர்கள். சீட்டுகளில் அதைப் பொருத்துங்கள்:

“மொக்கைப் படம்”: பொருந்துகிறது.
“ரெண்டு மணி நேரம் மொக்கை போட்டான்”: சலிப்பூட்டும்படி பேசினான். சரி, ஆனால் வினையோடு சேர்ந்தே வருகிறது.
“அவகிட்ட பேசப் போய் மொக்கை வாங்கினான்”: பொருந்தவே இல்லை. இங்கே மூக்குடைபட்டான் என்று பொருள்.
“கத்தி மொக்கையாயிடுச்சு”: கூர் மழுங்கியது. இது கொச்சையே அல்ல, பழைய பொருள்.

ஆக, ‘மொக்கை போடு’, ‘மொக்கை வாங்கு’ இரண்டும் தனிப் பதிவுகள். ஒரே பொருளுக்குள் எல்லாவற்றையும் அடைத்தால் படிப்பவருக்கு ஒன்றுமே விளங்காது.

4. ஆட்களிடம் கேளுங்கள். “மொக்கைன்னா போர்தானே?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். வாக்கியத்தைக் கொடுத்து, “இதையே வேற மாதிரி சொல்லுங்க” என்று கேளுங்கள். வெவ்வேறு மாவட்டம், வெவ்வேறு வயது. கூடவே, “இதைப் பெரியவங்க முன்னாடி சொல்வீங்களா?” என்றும் கேளுங்கள்; ‘பே.வ.’ (பேச்சு வழக்கு) என்று போடுவதா, ‘வசைச்சொல்’ என்று போடுவதா என்பது அந்தப் பதிலில் இருக்கிறது.

5. வேர்ச்சொல். சான்று இல்லையென்றால் காலியாக விடுங்கள். ‘பேஜார்’ போன்றவற்றுக்குப் பிரச்சினை இல்லை: பாரசீகம், உருது வழி வந்தது, மூலத்தில் சலித்துப்போன நிலையைக் குறிக்கும். ‘டுபாக்கூர்’ என்றதும் ஆளுக்கொரு கதை வரும். கதை சுவையாக இருக்க இருக்கச் சந்தேகமும் கூட வேண்டும்.