கூட்டணி வண்ணத்தில் வரும் விமானம் யாருடையது என்று கண்டுபிடிப்பது எப்படி?

வெள்ளை உடல், கறுப்பு வால், பக்கவாட்டில் ‘ஸ்டார் அலயன்ஸ்’ என்ற பெரிய எழுத்துகள். இப்படி ஒரு விமானம் தரையிறங்கும்போது அருகில் நிற்பவர் "இது எந்த நிறுவனம்?" என்று கேட்டால், அந்தப் பெரிய எழுத்துகளால் பதில் சொல்ல முடியாது. ஸ்டார் அலயன்ஸ் ஒரு விமான நிறுவனம் அன்று. 1997ஆம் ஆண்டு மே 14ஆம் தேதி ஏர் கனடா, லுஃப்தான்சா, ஸ்காண்டிநேவியாவின் எஸ்ஏஎஸ், தாய் ஏர்வேஸ், யுனைடெட் ஆகிய ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய கூட்டணி அது. உறுப்பு நிறுவனங்கள் தத்தம் விமானங்களில் சிலவற்றுக்கு மட்டும் கூட்டணியின் பொது வண்ணத்தைப் பூசுகின்றன. அந்தச் சிலவற்றில் ஒன்று கண்ணில் படும்போது உரிமையாளரைக் கண்டறிய, பெரிய எழுத்தை விட்டுவிட்டுச் சின்ன அடையாளங்களைப் படிக்கப் பழக வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். உறுப்பு நிறுவனங்களின் வழக்கமான விமானங்களிலும் முன்கதவின் அருகே கூட்டணியின் சின்னம் உள்ளங்கை அளவு தெரியும்படி இருப்பது இயல்பு. அது வெறும் உறுப்பினர் முத்திரையே. அதைப் பார்த்துச் சிறப்பு வண்ணம் என்று குறித்துவிடக் கூடாது. உடலின் பெரும்பகுதியில் நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாகக் கூட்டணியின் பெயர் இருந்தால்தான் அது கூட்டணி வண்ணம்.

இன்று இயங்கும் மூன்று பெரிய கூட்டணிகளும் இந்த வண்ணத்தை மூன்று விதமாக அமைத்துள்ளன. இவற்றில் எளிதானது ஒன்வேர்ல்டு. 1999ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி தொடங்கிய அந்தக் கூட்டணியின் வண்ணத்தில், உடலில் ‘ஒன்வேர்ல்டு’ என்ற பெயர் பெரிதாக இருந்தாலும் வால் பெரும்பாலும் நிறுவனத்துடையதாகவே இருக்கும். ஆகவே குவாண்டாஸின் சிவப்பு வாலிலுள்ள கங்காருவையும், ஜப்பான் ஏர்லைன்ஸின் செந்நாரையையும், பிரிட்டிஷ் ஏர்வேஸின் கொடி வடிவத்தையும் அறிந்தவருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும். ஒருவகையில் இது கூட்டணி விளம்பரமாகச் சற்றுக் குறைபட்டதுதான் என்றாலும், பார்வையாளருக்கு நேர்மையானது.

2000ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் தேதி ஏரோமெக்ஸிகோ, ஏர் பிரான்ஸ், டெல்டா, கொரியன் ஏர் ஆகிய நான்கும் தொடங்கிய ஸ்கைடீம், 2009இல் தன் சிறப்பு வண்ணத்தை அறிமுகம் செய்தது. உடல் முழுவதும் உலோகப் பளபளப்புள்ள வெள்ளி நிறம், வால் அடர்நீலம், அதன்மேல் கூட்டணியின் சின்னம். இங்கே வால் உதவாது.

ஸ்டார் அலயன்ஸின் வண்ணத்தில் வால் கறுப்பு. அதன் நடுவே ஐந்து துண்டுகள் சேர்ந்து அமைந்த நட்சத்திரம். ஐந்து துண்டுகளும் தொடக்க உறுப்பினர் ஐவரைக் குறிக்கின்றன. இந்தக் கூட்டணியில்தான் தவறு செய்ய வாய்ப்பு அதிகம் என்பதால் சற்று நின்று பார்க்கலாம். தொலைவில் கறுப்பாகத் தெரியும் வால் எல்லாம் நட்சத்திர வால் ஆகாது. லுஃப்தான்சா 2018இல் வெளியிட்ட புதிய வழக்கமான வண்ணத்தில் வால் அடர்நீலம். மாலை வெளிச்சத்தில் அது கறுப்பாகவே தோன்றும். ஏர் நியூசிலாந்தின் வழக்கமான வாலோ உண்மையிலேயே கறுப்பு. இரண்டு நிறுவனங்களும் ஸ்டார் அலயன்ஸ் உறுப்பினர்கள் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். வாலின் நிறத்தைப் பார்க்காமல் அதன் நடுவிலுள்ள உருவத்தைப் பாருங்கள்: வட்டத்துக்குள் பறக்கும் கொக்கு இருந்தால் லுஃப்தான்சாவின் சொந்த வண்ணம், சுருள் வடிவம் இருந்தால் ஏர் நியூசிலாந்தின் சொந்த வண்ணம், நட்சத்திரம் இருந்தால் மட்டுமே கூட்டணி வண்ணம்.

இதற்கு நேர்மாறான ஒரு விதிவிலக்கும் உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் விமானங்களில் ஸ்டார் அலயன்ஸ் வண்ணத்தைப் பூசும்போதும் வாலில் தன் பறவைச் சின்னத்தை விட்டுக்கொடுப்பதில்லை. கூட்டணியின் சின்னம் விமானி அறைக்கும் முன்கதவுக்கும் இடையே ஒதுங்கிக்கொள்ளும். வாலை மட்டும் பார்த்துப் பழகியவர் இந்த விமானத்தை வழக்கமான ஒன்று என்று நினைத்துக் கவனிக்காமலே விட்டுவிடுவார்.

நட்சத்திர வால்தான் என்று உறுதியான பின், உரிமையாளரைத் தேடும் வரிசை இதுதான். முதலில் விமானி அறைச் சன்னலுக்குக் கீழே அல்லது பின்னே பாருங்கள். நிறுவனத்தின் பெயரோ சின்னமோ அங்கே சிறிதாக இருக்கும். விமானம் தொலைவில் இருந்து அந்த எழுத்து தெரியாவிட்டால், எஞ்சின் உறைகளையும் இறக்கை நுனியில் மேல்நோக்கி வளைந்த விங்லெட்டுகளையும் பாருங்கள். ஸ்டார் அலயன்ஸ் வண்ணத்தில் இவ்விரண்டின் நிறத்தையும் நிறுவனமே தீர்மானிக்கிறது என்பதால், வழக்கமான விமானங்களில் உள்ள அதே நிறம் இங்கேயும் தொடரும். வீட்டில் எல்லோரும் சீருடை அணிந்து நின்றாலும் செருப்பை வைத்து ஆளைச் சொல்லிவிடுவதைப் போன்றது இது.

இதற்கு மேலும் ஐயம் இருந்தால் பதிவெண்ணே இறுதிச் சான்று. உடலின் பின்பகுதியிலும் இடது இறக்கையின் அடிப்புறத்திலும் அது எழுதப்பட்டிருக்கும். பன்னாட்டுக் குடிசார் விமானப் போக்குவரத்து அமைப்பின் 7ஆம் இணைப்பு விதிகளின்படி, இறக்கையில் உள்ள எழுத்துகள் குறைந்தது 50 சென்டிமீட்டர் உயரமும், உடலில் உள்ளவை குறைந்தது 30 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். எனவே விமானம் தலைக்கு மேலே கடக்கும்போது பக்கவாட்டைவிட இறக்கையின் அடிப்புறத்தைப் படிப்பதே எளிது. பல நிறுவனங்கள் மூக்குச் சக்கரத்தின் மூடியிலும் பதிவெண்ணின் கடைசி இரண்டு அல்லது மூன்று எழுத்துகளைப் பெரிதாக எழுதுகின்றன; விமானம் நேரே நம்மை நோக்கி நகர்ந்துவரும்போது படிக்கக்கூடிய எழுத்து அது ஒன்றுதான்.

பதிவெண்ணின் முன்னொட்டு நாட்டைச் சொல்லும்: இந்தியாவுக்கு ‘விடி’ (VT), சிங்கப்பூருக்கு ‘9வி’, ஜப்பானுக்கு ‘ஜேஏ’, தாய்லாந்துக்கு ‘எச்எஸ்’, அமெரிக்காவுக்கு ‘என்’. ஒரு நாட்டில் ஒரே ஒரு உறுப்பு நிறுவனம் இருக்கும்போது முன்னொட்டே நிறுவனத்தையும் சொல்லிவிடுவதுபோல் தோன்றும்; ஆனால் இந்தக் குறுக்குவழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. வெள்ளி நிற ஸ்கைடீம் விமானம் ஒன்றின் பதிவெண் ‘என்’ என்று தொடங்கியதைப் பார்த்ததும், நான் தயங்காமல் ‘டெல்டா’ என்று குறிப்பேட்டில் எழுதினேன். வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, சன்னல் வரிசைக்கு முன்னால் ஏரோமெக்ஸிகோ என்று சிறிய எழுத்தில் இருந்தது. மெக்ஸிகோ நிறுவனமாக இருந்தாலும் அதன் விமானங்கள் பல அமெரிக்கப் பதிவில் பறக்கின்றன. ரஷ்ய நிறுவனமான ஏரோஃப்ளோட்டின் விமானங்கள் பல நெடுங்காலம் பெர்முடாவின் பதிவில் பறந்ததும் இதே வகைதான். குத்தகைக்கு விடும் நிறுவனங்களின் வசதியும் சட்ட ஏற்பாடுகளும் இதற்குக் காரணம். ஆகவே முன்னொட்டோடு நின்றுவிடாமல் முழுப் பதிவெண்ணையும் எழுதிக்கொண்டு, பின்னர் சரிபாருங்கள்.

சரிபார்க்க விமானங்களைப் பின்தொடரும் செயலிகள் பெரிதும் உதவும். ஃபிளைட்ரேடார்24 போன்றவை விமானம் ஒலிபரப்பும் சைகையிலிருந்து பதிவெண்ணைத் தருகின்றன; அந்த எண்ணை நம்பலாம். எண்ணோடு வரும் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். அது அதே விமானத்தை யாரோ முன்பு எடுத்த படமாக இருக்கும். இடையில் வண்ணம் மாறியிருக்கலாம். கூட்டணி வண்ணத்தைப் பார்க்கவேண்டும் என்று அந்தப் படத்தை நம்பிக் காத்திருந்து, சாதாரண வண்ணத்தில் விமானம் வந்து இறங்கும்போது ஏற்படும் ஏமாற்றத்தை இந்தப் பொழுதுபோக்கில் உள்ளவர்கள் எல்லோரும் அறிவார்கள்.

படம் எடுப்பவர்களுக்கு இந்த வண்ணங்கள் வைக்கும் சோதனை வேறு. ஸ்டார் அலயன்ஸ் விமானத்தில் தூய வெள்ளையும் தூய கறுப்பும் ஒரே சட்டத்துக்குள் வருவதால், கேமராவின் ஒளியளவி தடுமாறும். வெயிலில் வெள்ளை உடலின் விவரம் கெடாதபடி ஒளியளவை அமையுங்கள். வெளிறிப்போன வெள்ளையை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, ஆனால் ரா வடிவத்தில் (கேமரா பதிந்த தரவைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் கோப்பு) எடுத்த படத்தில் கறுப்பு வாலின் இருளைப் பின்னர் ஓரளவு விலக்கிக்கொள்ளலாம். வெள்ளி நிற ஸ்கைடீம் விமானம் வானத்தின் நிறத்தையே வாங்கிக் காட்டும். மேகமூட்டமான நாளில் அது உயிரற்ற சாம்பல் நிறமாகத் தெரியும், சூரியன் தாழ்வாக உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் காலையிலும் மாலையிலும் மட்டுமே அதன் உலோகத் தன்மை வெளிப்படும். எந்த வண்ணமானாலும் விமானம் சரியாகப் பக்கவாட்டில் வரும் கணத்துக்குச் சற்று முன்பே எடுத்துவிடுங்கள். கடந்து சென்ற பின் எடுத்தால் இறக்கையும் எஞ்சினும் எழுத்துகளில் பாதியை மறைத்துவிடும்.

குறிப்பேட்டில் ‘கூட்டணி வண்ணம்’ என்று மட்டும் எழுதினால் போதாது. பதிவெண், நிறுவனம், விமான வகை, பார்த்த தேதி ஆகிய நான்கும் ஒரே வரியில் இருக்க வேண்டும். தேதிதான் இங்கே முக்கியம். ஏனெனில் பெரிய பராமரிப்புக்குச் செல்லும்போது விமானம் வழக்கமான வண்ணத்துக்குத் திரும்பிவிடலாம், வேறொரு விமானம் அந்த இடத்துக்கு வரலாம்.

தேதியில்லாத பழைய படம் கையில் கிடைத்தால், கூட்டணி வண்ணமே அதற்குக் காலம் சொல்லும். யுஎஸ் ஏர்வேஸ் 2014ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் ஸ்டார் அலயன்ஸை விட்டு ஒன்வேர்ல்டுக்கு மாறியது. தென்னமெரிக்க நிறுவனமான லட்டாம் 2020ஆம் ஆண்டு மே மாதம் ஒன்வேர்ல்டை விட்டு விலகியது. ஸ்டார் அலயன்ஸைத் தொடங்கிய ஐவரில் ஒன்றான எஸ்ஏஎஸ்கூட 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி ஸ்கைடீமில் சேர்ந்துவிட்டது. எஸ்ஏஎஸ் விமானம் ஒன்று நட்சத்திர வாலோடு நிற்கும் படம் ஏறத்தாழ அந்த நாளுக்கு முந்தையது என்று எழுதலாம். ‘ஏறத்தாழ’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். உறுப்பினர் பதவி ஒரே நாளில் முடிந்தாலும், பெயின்ட் அடிக்கும் கூடத்தில் எல்லா விமானங்களுக்கும் ஒரே நாளில் இடம் கிடைப்பதில்லை.