வாக்களித்தவரும் மறுத்தவரும் ஒரே மண்டபத்தில்: 1984 தேர்தலைக் குறுநாடகமாக்க

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்தியர் வாழும் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் கோயில் மண்டபத்தில் நாடகம் போடும் பிள்ளைகள் பலர், நிறவெறி அரசு இந்தியருக்கென்று தனிச் சபை வைத்து நடத்திய 1984 தேர்தலைத் தொடவே தயங்குகிறார்கள். என் அப்பா அன்று வாக்களித்தார். சித்தப்பா அதே வாரம் வீடு வீடாகப் போய் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்படி எத்தனையோ குடும்பங்கள். அதனால்தான் இதை எடுங்கள் என்கிறேன்.

முதலில், மாற்ற முடியாத விவரங்களை ஒரு தாளில் எழுதி ஒத்திகை அறைச் சுவரில் ஒட்டுங்கள். 1983 அரசியல் சட்டப்படி நாடாளுமன்றத்தில் மூன்று சபைகள்: வெள்ளையருக்கு 178 இடம், கலர்டு என்று அரசு வகைப்படுத்திய கலப்பின மக்களுக்கு 85, இந்தியரான நமக்கு 45. நாட்டின் பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு ஒன்றுகூட இல்லை. நிறவெறியை எதிர்த்த நேட்டால் இந்தியக் காங்கிரசும் ஐக்கிய ஜனநாயக முன்னணியும் புறக்கணிக்கச் சொன்னன. ஆகஸ்ட் 28 அன்று, பதிவு செய்த இந்தியரில் சுமார் 20 சதவீதம் பேர்தான் வாக்களித்தார்கள். இதில் எதையும் மேடையில் மங்கலாக்காதீர்கள். அந்த ஏற்பாடு அநியாயம், அதில் இரண்டு கருத்து கிடையாது. அதற்குள் மாட்டிக்கொண்ட மனிதர் செய்ததைத்தான் சட்டென்று தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. இந்த இரண்டையும் கலந்தால், "எல்லார் பக்கமும் நியாயம் இருக்கு" என்று முடியும் வழவழா நாடகம்தான் மிஞ்சும். அதை என்னால் பொறுக்க முடியாது.

பெரியவர்களிடம் போனால் "ஏன் ஓட்டுப் போட்டீங்க தாத்தா?" என்று ஆரம்பிக்காதீர்கள், வாயை மூடிக்கொள்வார்கள். அன்று வேலைக்குப் போனீர்களா, வாசலில் யார் நின்றார்கள், சாயங்காலம் வீட்டில் யார் யாரோடு பேசவில்லை என்று கேளுங்கள். கேட்டதை அப்படியே மேடையேற்றவும் கூடாது. தொழில், தெரு, பிள்ளைகள் எத்தனை என்பதையெல்லாம் மாற்றுங்கள். நம்ம ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

அப்புறம் பாத்திரங்கள். ஒரு வேட்பாளர், அவருடைய மச்சான், இருவர் போதும். நீங்கள் ஏற்காதவருக்கே வலுவான வசனத்தைக் கொடுங்கள். டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸிலிருந்து பெயர்த்துச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்ட குடும்பம் அது. வேட்பாளர் சொல்லட்டும்: "கூரை ஒழுகுது மச்சான். வெள்ளைக்காரன்கிட்ட கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப்போச்சு. கேப் டவுன்ல நம்ம ஆள் உக்காந்தா கேட்கவாவது முடியும்ல?" புறக்கணிக்கும் மச்சானைச் சுத்தமான வீரனாக்கிவிடாதீர்கள். அவர் மகள் டீச்சர். இந்தியர் பள்ளிகள் அந்தச் சபையின் பொறுப்பில் வந்தபின், அவளுடைய பதவி உயர்வுக்காக ஓர் இரவு அதே வேட்பாளரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டுப் போகிறார். கடிதம் கிடைக்கிறது, வாங்கிக்கொள்கிறார். இந்தக் காட்சியில் அவசரப்படாதீர்கள். நாடகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

சண்டைக் காட்சியை, நம்மவர் ஆடும் துனி சீட்டாட்டத்தில் வையுங்கள். ஜோடிகள் எதிரெதிரே உட்காருவார்கள், தன் கையில் ஆட்டத்தின் பெரிய சீட்டான ஜாக் இருக்கிறதா என்று கூட்டாளியிடம் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அந்த மௌனமே பேசும், மேடைப் பேச்சு எதுவும் தேவைப்படாது. இங்கிலீஷும் தமிழும் கலந்தே பேசட்டும், நம் வீட்டில் அப்படித்தானே பேசுகிறோம்.

சபையில் ஒரு இடமும் கிடைக்காத கறுப்பின மக்களும் மேடையில் இருந்தாக வேண்டும். பக்கத்துக் கறுப்பினக் குடியிருப்பான க்வாமாஷுவிலிருந்து வேலைக்கு வரும் பெண்ணைத் தேநீர்த் தட்டோடு மட்டும் நிறுத்தாதீர்கள். அவள் வசனத்தை ஜூலு பேசும் நடிகையே எழுதட்டும். அது இரு ஆண்களுக்கும் கசப்பாக இருந்தால் அப்படியே விடுங்கள்.

அரங்கேற்றத்துக்கு ஒரு வாரம் முன்னால், கதை சொன்ன பெரியவர்களைக் கூப்பிட்டு ஒத்திகையைக் காட்டுங்கள். வாக்களித்தவர்களுக்கு ஒரு நாள், மறுத்தவர்களுக்கு வேறொரு நாள். யாராவது தன் பகுதியை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள், காட்சி பலவீனமானாலும் சரி.