போதைப்பயிர்ச் செய்தியைப் பேரேடு போலப் படிப்பது எப்படி

காரைக்குடியில் வணிகவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஞாயிறு காலையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டு முகப்பில் வந்து உட்காருவார்கள். அபின், கோக்கா (கொக்கெயின் எடுக்கும் இலைச்செடி) என்று செய்தி வந்தால் அதைப் படிக்க அவர்களுக்கு நான் சொல்லித் தரும் முறை இது. ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

முதலில் எழுத வேண்டிய கேள்வி: விதைக்கும்போது முன்பணம் கொடுத்தது யார்? கடத்தியவர் யார் என்பதெல்லாம் அப்புறம்.

என் ஐயா பர்மாவில் பெகு பக்கம் வட்டிக்குப் பணம் கொடுக்கும் ஒரு கடைக்கு அடுத்தாளாக, அதாவது உதவியாளாக, வேலைக்குப் போனவர். அவருடைய பேரேடு ஒன்று இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. ஒரு பக்கத்தில் பர்மியக் குடியானவர் ஒருவரின் பெயர், கொடுத்த தொகை, எதிரே 'அறுப்புக்கு' என்று ஒரே ஒரு சொல். சில பக்கம் தள்ளி அதே பெயர் மறுபடி வரும், இந்த முறை அவருடைய நிலத்தின் ஏக்கர் கணக்கோடு. 1930களின் மந்தத்தில் நெல் விலை விழுந்து, கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு நம்மூர்ச் செட்டியார்கள் கைக்கு வந்தது இப்படித்தான். அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டிவிட்டுத்தான் பிள்ளைகளை ஆப்கானிஸ்தானுக்குக் கூட்டிப் போவேன்.

அங்கே அந்த முன்பணத்துக்குப் பெயர் 'சலாம்'. அறுவடைக்குப் பல மாதம் முன்பே வியாபாரி பணம் தருவார். அபினாகத் திருப்ப வேண்டும். விலையோ அறுவடை விலையில் பாதி அளவுக்குத்தான் போடுவார். 2000-இல் தாலிபான் தடை போட்டபோது பயிர் போனது, கடன் போகவில்லை. கடன் அபின் எடையில் இருந்ததால் விலை ஏற ஏற அதுவும் ஏறியது. அதை அடைக்க மறுபடி அதே செடிதான். நாம் குருமாவுக்கு அரைக்கிறோமே, அந்தக் கசகசாவின் செடி.

"கோதுமை போட்டால் என்ன, ஐயா?" என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி, அதுதான் நோட்டில் இரண்டாவது. தக்காளிக் கூடையோடு ஒப்பிட்டுப் பார் அம்மா என்றேன். அபின் பால் காய்ந்துவிட்டால் வருஷக்கணக்கில் கெடாது, கனமில்லை, வாங்குபவர் வாசலுக்கே வருவார். தக்காளிக்கு ரோடு வேண்டும். அந்த ரோட்டில் ஒவ்வொரு சாவடியிலும் துப்பாக்கியோடு நிற்பவர் வசூலிப்பார். சந்தை போய்ச் சேர்வதற்குள் பாதி அழுகிவிடும். சண்டை நடக்கும் ஊரில் இந்தப் பயிர் ஊன்றி நிற்பது இதனால்தான். அபின் மேல் விழும் வசூலிலும் கிளர்ச்சிக் குழுவுக்கு மட்டும் பங்கில்லை. அரசுப் படையில் இருப்பவர்களும் அதிகாரிகளும்கூட எடுத்திருக்கிறார்கள். எல்லாரையும் எழுதுங்கள்.

தடைச் செய்தி வந்தால் பரப்போடு நிறுத்தாமல் விலையையும் பாருங்கள். 2022 ஏப்ரலில் தாலிபான் மறுபடி தடை போட்டது. ஐ.நா. கணக்குப்படி 2,33,000 ஹெக்டேர் அடுத்த வருஷம் 10,800 ஆனது. விலை எகிறியது. இருப்பு வைத்திருந்தவர் சம்பாதித்தார். துண்டு நிலக்காரர் கோதுமை போட்டு நொந்துபோனார். அதே 2023-இல் மியான்மர் 1,080 டன் அபினோடு உலகின் முதலிடத்துக்கு வந்தது. 2021 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு அங்கே ஷான் மாநில மலைக்காரர்களுக்கு வேறு வழி குறைந்துபோயிருந்தது.

சமாதானச் செய்தி என்றால் தேதிகளின் வரிசையைப் பிடியுங்கள். கொலம்பியாவில் அரசும் ஃபார்க் என்ற கிளர்ச்சிக் குழுவும் செய்துகொண்ட 2016 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு ஏறக்குறைய ஒரு லட்சம் குடும்பங்கள் கோக்காவை விடுவதாகக் கையெழுத்துப் போட்டன. செடியைப் பிடுங்கினார்கள், மாற்றுத் தொழிலுக்கான பணம் பலருக்குத் தாமதமாகவே வந்தது. ஃபார்க் காலி செய்த இடங்களில் வேறு ஆயுதக் குழுக்கள் நுழைந்தன. 2022-இல் கோக்கா 2,30,000 ஹெக்டேர். தாய்லாந்தில் அபின் விளைந்த டோய் துங் மலையில் 1988-இல் தொடங்கிய வேலை வேறு மாதிரி: காப்பி, மக்கடேமியா, கூலி வேலை, ரோடு, பள்ளிக்கூடம் என்று பல வருஷம் பொறுமையாகப் போட்டார்கள்.

ஆகவே செடி பிடுங்கிய தேதியை எழுதுங்கள். வேறு வருமானம் முதலில் கைக்கு வந்த தேதியை அதன் கீழே எழுதுங்கள். நடுவில் எத்தனை மாதம் என்று எண்ணிவிட்டு, அத்தனை மாதமும் அந்த வீட்டில் உலை எப்படிக் கொதித்தது என்று தேடிப் படியுங்கள்.