120 வோல்ட் டிரான்ஸ்பார்மரை 230 வோல்ட்டுக்கு மாற்றிக் கட்டுவது எப்படி?

அமெரிக்காவிலிருந்து வந்த ஆம்ப்ளிஃபயரை நம் ஊர் பிளக்கில் செருகுவதற்கு முன் மூடியைக் கழற்றி, டிரான்ஸ்பார்மர் லேபிளைப் படியுங்கள். பிரைமரியில் (மெயின்ஸ் வந்து சேரும் பக்கம்) 0-120, 0-120 என்று இரண்டு தனி வைண்டிங் (கம்பிச் சுற்று) இருந்தால் மாற்றிக் கட்டலாம். 100 வோல்ட் மட்டும் போட்ட ஜப்பான் மாடல் என்றால் வழியில்லை. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர்தான் வாங்க வேண்டும்.

0-100-120-220-240 என்று ஒரே வைண்டிங்கில் டேப் (சுற்றின் நடுவிலிருந்து வெளியே இழுத்த ஒயர்) எடுத்திருந்தால், பேஸ் ஒயரை 240 டேப்புக்கு மாற்றினால் போதும். 220 வேண்டாம்: இரவில் லைன் 245 வரை ஏறும் இடங்களில் செகண்டரியும் (ஆம்ப்ளிஃபயருக்கு வோல்டேஜ் கொடுக்கும் பக்கம்) 11 சதவீதம் ஏறிவிடும். பயன்படாத டேப்புகளிலும் மெயின்ஸ் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஸ்லீவ் போடுங்கள். இரண்டைச் சேர்த்து முறுக்கினால் நடுவிலுள்ள சுற்றுகள் ஷார்ட் ஆகி டிரான்ஸ்பார்மர் எரியும்.

இரட்டை பிரைமரி 120 வோல்ட்டில் பேரலலாக இருக்கும். 230-க்கு சீரிஸாக வேண்டும். முதல் வைண்டிங்கின் முடிவு, இரண்டாவதன் தொடக்கத்தோடு சேர வேண்டும். தலைகீழாகச் சேர்த்தால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். பிறகு கரண்டைத் தடுக்கச் செம்புக் கம்பியின் சில ஓம்தான் மிஞ்சும். ஃப்யூஸ் உடனே போகும். ஐரோப்பிய டொராய்டுகளில் (வளைய வடிவ டிரான்ஸ்பார்மர்) நீலம்-சாம்பல் ஒரு வைண்டிங், ஊதா-பழுப்பு இன்னொன்று என்பது வழக்கம். சாம்பலையும் ஊதாவையும் சேர்த்து, நீலத்திலும் பழுப்பிலும் சப்ளை கொடுப்பார்கள். ஆனாலும் நிறத்தை நம்பாமல் அளந்து பாருங்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெரிய கெப்பாசிட்டர்களை 1 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரால் டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். டிரான்ஸ்பார்மரின் எல்லா ஒயர்களையும் கழற்றி, எது எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓம் மீட்டரில் ஜோடிகளைப் பிரியுங்கள். இரண்டு பிரைமரிகளின் ரெசிஸ்டன்ஸ் கொஞ்சம் வித்தியாசப்படலாம். மேலே சுற்றியதில் கம்பி நீளம் அதிகம், அவ்வளவுதான்.

அடுத்து ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரிலிருந்து 12 வோல்ட் ஏசி எடுத்து, ஒரு பிரைமரிக்குக் கொடுங்கள். இரண்டாவது பிரைமரியின் ஒரு முனையை முதலாவதன் ஒரு முனையோடு இணைத்து, மிச்சமுள்ள இரண்டு முனைகளுக்கு நடுவே அளக்கவும். 24 வோல்ட் வந்தால் இணைப்பு சரி. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டாவதைத் திருப்பிப் போடுங்கள். இந்த 12 வோல்ட்டைத் தவறிப்போய் வால்வுகளைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டர் வைண்டிங்கில் கொடுத்துவிடாதீர்கள். பிரைமரி முனைகளில் 230 வோல்ட் பாயும். அதனால் ஜோடிகளை உறுதிசெய்யாமல் இந்தச் சோதனைக்குப் போகவே கூடாது.

சேர்த்த முனைகளை சால்டர் செய்து, ஸ்லீவ் போட்டு மூடுங்கள். பேஸ் வரும் வழியில் ஃப்யூஸ், பிறகு சுவிட்ச். வோல்டேஜ் இரட்டிப்பானதால் கரண்ட் பாதியாகும்: 2 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ (சற்றுத் தாமதித்துப் போகும் ஃப்யூஸ்) இருந்த இடத்தில் 1 ஆம்பியர். பச்சை ஒயரை சேஸிஸில் தனி போல்ட்டில் முறுக்கி, மூன்று பின் பிளக் போடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது மற்ற பாகங்களில். பிரைமரிக்குக் குறுக்கே 201 என்று அச்சிட்ட வேரிஸ்டர் (திடீர் வோல்டேஜ் ஏற்றத்தை உறிஞ்சும் பாகம்) இருந்தால் அது 130 வோல்ட்டுக்கானது, 230-ல் வெடிக்கும். 431 அல்லது 471 போடுங்கள். மெயின்ஸுக்குக் குறுக்கே உள்ள கெப்பாசிட்டர் 125 வோல்ட் என்றால் 275 வோல்ட் எக்ஸ்2 வகைக்கு மாற்றுங்கள். 120 வோல்ட் ஃபேன் இருந்தால் அதை ஒரு பிரைமரிக்கு மட்டும் குறுக்கே இணைக்கலாம். பின்பக்க ஏசி சாக்கெட்டுகளை முழுசாகத் துண்டித்துவிடுங்கள்.

செகண்டரிகளை இணைக்காமல், 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் வைத்து முதலில் ஆன் செய்யுங்கள். பல்பு ஏறக்குறைய அணைந்தே இருக்க வேண்டும். பளிச்சென்று எரிந்தால் பிரைமரி தலைகீழ்.

லேபிளில் 60 ஹெர்ட்ஸ் மட்டும் இருந்தால் கவனம். 240 வோல்ட் வைண்டிங்குக்கு 230 கொடுத்தாலும், நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் கோரின் (வைண்டிங் சுற்றியிருக்கும் இரும்பு) காந்தப்பாய்வு 15 சதவீதம் கூடுகிறது. ஒரு மணி நேரம் லோடு இல்லாமல் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கித் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடோ பலத்த உறுமலோ இருந்தால் அந்த டிரான்ஸ்பார்மர் நம் சப்ளைக்கு ஆகாது.

எல்லாம் சரியென்றால், பழைய 120 வோல்ட் எழுத்தை மறைத்து, ஃப்யூஸ் பக்கத்தில் புதிய வோல்டேஜையும் ஆம்பியரையும் எழுதி ஒட்டுங்கள். இல்லையென்றால் அடுத்து திறப்பவர் 2 ஆம்பியர் ஃப்யூஸே போட்டுவிடுவார்.